நிறத்துக்கு முன் கோடுகளைப் பாருங்கள்: ஐ.பி.சி.சி. இன்டராக்டிவ் அட்லஸ் பற்றி ஒரு மதிப்பீடு

ஒரு வட்டாரத்தின் வருங்கால மழை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் திறப்பது ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் இன்டராக்டிவ் அட்லஸைத்தான். ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின் முதல் பணிக்குழுப் பகுதி 2021 ஆகஸ்ட் 9 அன்று வெளியானபோது இந்த இணையச் சேவையும் அதனுடன் சேர்ந்தே வந்தது. கட்டணம் இல்லை. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. உலக வரைபடத்தில் ஒரு பகுதியைத் தட்டினால், அப்பகுதியின் வெப்பநிலை, மழை, கடும் வெப்ப நாட்கள், பனி முதலியவை எவ்வளவு மாறக்கூடும் என்பதை வண்ணத்திலும் வரைபடத்திலும் அட்டவணையிலும் அது காட்டுகிறது. சில ஆண்டுகளாக இதை அன்றாடம் பயன்படுத்துபவன் என்ற முறையில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு அதன் வண்ணங்களில் இல்லை. வண்ணங்களின் மேல் அது வரையும் மெல்லிய கோடுகளில் இருக்கிறது. அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரியாதவருக்கு இது அழகான ஒரு படம் மட்டுமே. சில நேரங்களில் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் படமும்கூட.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதற்கு முன் நான் பார்த்த வேறொரு கட்டணச் சேவை, ஒரு முகவரியைக் கொடுத்தால் அந்த இடத்தின் 2050ஆம் ஆண்டு மழை மாற்றத்தை ஒரே எண்ணாக, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களுடன் தந்தது. எத்தனை காலநிலை மாதிரிகளிலிருந்து (காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் நிரல்களிலிருந்து) அந்த எண் வந்தது, அவை தமக்குள் எவ்வளவு மாறுபட்டன என்பதற்கு அங்கே இடமே இல்லை. அந்த எண்ணை நம்பி வடிகால் குழாயின் அகலத்தை முடிவுசெய்யப் போகிறவரை நினைத்து எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது. அந்தக் கவலையோடுதான் இந்த அட்லஸின் ஒவ்வொரு மூலையையும் சோதித்துப் பார்த்தேன்.

அமைப்பு எளிமையானது. எந்தத் தரவுத் தொகுப்பு, எந்த அளவு, எந்தக் காலம் அல்லது எந்த வெப்பமாதல் நிலை, எந்த அடிப்படைக் காலத்தோடு ஒப்பிட வேண்டும், ஆண்டின் எந்தப் பருவம் என்பதை வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிமிப் 5, சிமிப் 6 ஆகிய உலக மாதிரித் தொகுப்புகள், கோர்டெக்ஸ் என்னும் வட்டார மாதிரித் தொகுப்பு, பல கண்காணிப்புத் தரவுகள் ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நிலப்பரப்பு 46 ஒப்பீட்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பருவமழை மண்டலங்கள், ஆற்றுப் படுகைகள் போன்ற வேறு பிரிவுகளையும் தேர்ந்தெடுக்கலாம்.

இனி அந்தக் கோடுகளுக்கு வருகிறேன். எளிய முறையில், வரைபடத்தின் ஒரு கட்டத்தில் (சிறு சதுரத்தில்) 80 விழுக்காட்டுக்கும் குறைவான மாதிரிகளே மாற்றத்தின் திசையில், அதாவது கூடுமா குறையுமா என்பதில், ஒத்துப்போனால் அங்கே சாய்கோடுகள் விழுகின்றன. விரிவான முறை இன்னும் நேர்மையானது. அது இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: மாற்றம் இயல்பான ஏற்ற இறக்கத்தைத் தாண்டுகிறதா, திசையில் உடன்பாடு இருக்கிறதா? குறைந்தது 66 விழுக்காடு மாதிரிகளில் மாற்றம் அந்த வரம்பைத் தாண்டி, 80 விழுக்காடு மாதிரிகள் திசையிலும் ஒத்துப்போனால் வண்ணம் தெளிவாக நிற்கும். வரம்பைத் தாண்டும் மாதிரிகள் 66 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் ஒருபக்கச் சாய்கோடுகள் வரும். பெரும்பாலான மாதிரிகள் பெரிய மாற்றத்தைக் காட்டியும் திசையில் முரண்பட்டால் குறுக்குமறுக்குக் கோடுகள் விழும்.

இந்தக் கடைசி வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கைப் பாருங்கள். முப்பது மாதிரிகளில் பதினைந்து மழை ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்றும், மற்ற பதினைந்து அதே அளவு குறையும் என்றும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். வரைபடம் வண்ணமிடுவது எல்லா மாதிரிகளின் நடு மதிப்புக்கு. அது பூஜ்யத்தை ஒட்டி நிற்பதால் அந்தக் கட்டம் வெளிறித் தெரியும். பார்ப்பவர் “இங்கே மாற்றமில்லை” என்று படித்துக்கொள்வார். உண்மையில் அங்கே மாற்றமில்லை என்று முப்பதில் ஒரு மாதிரிகூடச் சொல்லவில்லை. எல்லா மாதிரிகளும் சிறிய மாற்றத்தையே காட்டும் இன்னொரு கட்டமும் இதே வெளிறிய நிறத்தில்தான் இருக்கும். முதல் இடத்தில் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் சேர்த்து ஆயத்தமாக வேண்டும். இரண்டாம் இடத்தில் இன்றைய நடைமுறையே பெரும்பாலும் போதும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுபவை அந்தக் கோடுகள் மட்டுமே.

ஆனால் கோடு விழும் இடமெல்லாம் மாதிரிகளுக்கு ஒன்றும் தெரியாத இடம் என்று எடுத்துக்கொள்வதும் பிழை. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சகேல் பகுதியின் மழைக்காலத்தைத் திறந்து பாருங்கள். மேற்கு ஓரம் வறள்வதையும், நடுவும் கிழக்கும் ஈரமாவதையும் பெருவாரியான மாதிரிகள் காட்டுகின்றன. இடையில் கோடுகள் நிறைந்த ஒரு பட்டை தெரியும். ஒவ்வொரு மாதிரியையும் தனியே எடுத்தால் வறட்சிக்கும் ஈரத்துக்கும் நடுவே தெளிவான ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை எந்தத் தீர்க்கரேகையில் விழுகிறது என்பதில்தான் மாதிரிக்கு மாதிரி வேறுபாடு. கட்டம் கட்டமாக வாக்கெடுக்கும்போது இந்த இடப்பெயர்ச்சி கருத்து முரண்பாடாகப் பதிவாகிவிடுகிறது. அப்படிப்பட்ட எல்லையைத் தாண்டிப் பரவும் ஒரு வட்டாரத்தின் சராசரியை மட்டும் எடுத்தால், ஒரு பக்கத்தின் வறட்சியும் மறுபக்கத்தின் ஈரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே வட்டார அட்டவணையைப் பதிவிறக்குவதற்கு முன், வரைபடத்தில் அந்த வட்டாரத்துக்குள் நிறம் மாறுகிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆழமானது: கோடு இல்லாத இடத்தில் மாதிரிகள் ஒத்துப்போகின்றன என்பது மட்டுமே உறுதி, அவை சொல்வது சரி என்பது உறுதியல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவின் மார்ச் முதல் மே வரையிலான நீண்ட மழைக்காலம் இதற்கு நன்கறியப்பட்ட உதாரணம். வெப்பமாகும் உலகில் அங்கே மழை கூடும் என்பதே பெரும்பாலான மாதிரிகளின் கணிப்பு. ஆனால் 1980களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த மழை குறைந்துகொண்டே போனதை மழைமானிகள் பதிவுசெய்தன. ஆய்வாளர்கள் இதைக் கிழக்கு ஆப்பிரிக்கக் காலநிலை முரண் என்றே அழைக்கிறார்கள். அந்தப் பகுதியில் நீண்ட மழையைக் குறைவாகவும் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும் குறுகிய மழையை மிகையாகவும் காட்டுவது பல மாதிரிகளுக்குப் பொதுவான பிழை. பொதுவான பிழை இருக்கும் இடத்தில் உடன்பாட்டுக்கு மதிப்புக் குறைவு. மாதிரிகள் ஒன்றிடமிருந்து ஒன்று நிரல்களையும் கூறுகளையும் கடன் வாங்கி வளர்ந்தவை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். முப்பது மாதிரிகள் என்பது தனித்தனியான முப்பது சாட்சிகள் அல்ல; அவற்றில் பல ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அட்லஸோ ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு என்றே எண்ணுகிறது.

மாதிரி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஓர் ஓட்டத்தை, அதாவது ஒருமுறை கணினியில் ஓட்டிய கணக்கைத்தான் அட்லஸ் எடுத்துக்கொள்கிறது என்பது இன்னொரு வரம்பு. காலநிலை அறிவியலாளர்கள் எட் ஹாக்கின்ஸும் ரோவன் சட்டனும் 2009இல் வட்டாரக் கணிப்புகளின் நிச்சயமின்மையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: காலநிலையின் இயல்பான ஏற்ற இறக்கம், மாதிரிகளுக்கிடையேயான வேறுபாடு, மனிதர் எந்த உமிழ்வுப் பாதையில் செல்வர், அதாவது எவ்வளவு பசுங்குடில் வாயுக்களை வெளியிடுவர் என்பது. அடுத்த ஓரிரு பத்தாண்டுகளுக்கு முதல் இரண்டும்தான் பெரியவை. வெப்பநிலையைப் பொறுத்தவரை நூற்றாண்டின் இறுதியில் உமிழ்வுப் பாதை முந்திக்கொள்கிறது. வட்டார மழையிலோ நூற்றாண்டின் இறுதியிலும் மாதிரி வேறுபாடே பெரும்பங்கு வகிக்கிறது.

இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம் ஒரே மாதிரியைப் பலமுறை ஓட்டிக் காட்டியிருக்கிறது. அந்த ஓட்டங்களுக்கிடையே இருந்த வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: தொடக்கக் காற்றின் வெப்பநிலையில் ஒரு டிகிரியின் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மாற்றம். இயற்பியலும் உமிழ்வும் எல்லாவற்றிலும் ஒன்றே. ஆனாலும் 1963 முதல் 2012 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் வட அமெரிக்கக் குளிர்காலத்தின் வெப்பநிலைப் போக்கு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறியது. சில ஓட்டங்களில் கண்டம் முழுதும் வெப்பமாக, வேறு சிலவற்றில் அதன் பெரும்பகுதிகள் குளிர்ந்தன. மாதிரிக்கு ஓர் ஓட்டம் மட்டும் இருக்கும்போது, திரையில் தெரியும் பரவலில் எவ்வளவு மாதிரிகளின் வேறுபாடு, எவ்வளவு தற்செயல் என்று பிரிக்கவே முடியாது. 2021–2040 காலத்துக்கான மழை வரைபடத்தைப் பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

வெப்பநிலையைப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் உலகம் இறுதியில் எவ்வளவு வெப்பமாகும் என்னும் அளவு, சிமிப் 6 மாதிரிகளில் 1.8 முதல் 5.6 டிகிரி வரை பரந்து கிடக்கிறது. ஆறாவது அறிக்கையோ பல்வேறு சான்றுகளைச் சேர்த்து எடைபோட்டு, அது பெரும்பாலும் 2.5க்கும் 4க்கும் இடையில் இருக்கும், சிறந்த மதிப்பீடு 3 டிகிரி என்றது. அதாவது தொகுப்பில் மிகைவெப்பம் காட்டும் மாதிரிகள் சில இருக்கின்றன. உலகச் சராசரியைச் சொல்லும்போது அறிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தியே சொன்னது: மிக உயர்ந்த உமிழ்வுப் பாதையில், 1850–1900 சராசரியைவிட 2081–2100இல் 4.4 டிகிரி, அதற்கான வீச்சு 3.3 முதல் 5.7 வரை. அட்லஸின் வரைபடங்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மாதிரிகள் அப்படியே எண்ணப்படுகின்றன. எனவே ஆண்டுகளை வைத்துப் பார்க்கும்போது அறிக்கையின் எண்ணைவிடத் திரையின் எண் சற்று உயர்ந்து தெரிவதில் வியப்பில்லை.

இதற்கான மாற்றுவழியை அட்லஸே தருகிறது. இந்தச் சேவையில் எனக்கு மிகப் பிடித்த வசதியும் அதுதான். ஆண்டுக்குப் பதிலாக உலக வெப்பமாதல் நிலையை, அதாவது 1.5, 2, 3 அல்லது 4 டிகிரியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு மாதிரியும் அந்த நிலையை எட்டும் இருபதாண்டுக் காலம் எதுவோ, அந்தக் காலத்தின் வட்டார நிலையை அது எடுத்துச் சேர்க்கிறது. விரைவாக வெப்பமாகும் மாதிரியும் மெதுவாக வெப்பமாகும் மாதிரியும் அப்போது ஒரே கோட்டில் நிற்கின்றன; வட்டார வேறுபாடுகள் துலங்குகின்றன. 2 டிகிரிக்கும் 3 டிகிரிக்கும் கோடைகால மத்தியதரைக் கடல் மழையைத் திறந்து அடுத்தடுத்துப் பாருங்கள். தென் ஐரோப்பாவின் வறட்சி ஆழமாவதும், மேலே கோடுகள் விலகுவதும் கண்ணுக்குத் தெரியும். எந்த ஆண்டில் அது வரும் என்ற கேள்வியை இந்த முறை தள்ளிப்போடுகிறது என்பது உண்மைதான். கடல்மட்ட உயர்வுக்கும் இது பொருந்தாது. பெருங்கடலும் பனிப்படலங்களும் வெப்பத்துக்கு நூற்றாண்டுகள் தாமதித்துப் பதில் சொல்பவை.

அடிப்படைக் காலத்தில் அடிக்கடி நேரும் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். 1995–2014 காலத்தின் உலகச் சராசரி, 1850–1900 சராசரியைவிட ஏற்கெனவே 0.85 டிகிரி உயர்ந்திருந்தது. ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் அடிப்படையாகக் கொண்டு எண்களை ஒப்பிட்டால், ஒரே கணிப்புக்கு இரண்டு விடைகள் வந்து தேவையற்ற வாதம் எழும். படத்தைச் சேமிக்கும்போது அடிப்படைக் காலத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்துக்கொள்வது என் வழக்கம். மழையின் விழுக்காட்டு மாற்றத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும்: மாதத்துக்கு 2 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் 4 மில்லிமீட்டர் பெய்தால் அது 100 விழுக்காடு உயர்வு. பாலைவனங்கள் அடர்ந்த நீலமாகத் தெரிவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

கோர்டெக்ஸ் தொகுப்பைத் திறந்ததும் படம் கூர்மையாகிறது. சிமிப் 6 கட்டங்கள் ஒரு டிகிரி அகலம் என்றால் இவை அரை டிகிரி. மலைகளும் கடற்கரைகளும் உருப்பெறுகின்றன. மலைப்பகுதிகளில் இது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறைகிறது என்பதால், 2000 மீட்டர் உயர ஊரைச் சராசரி 1200 மீட்டர் கட்டத்துக்குள் அடக்கும் மாதிரி, அந்த ஊரை 5 டிகிரி மிகை வெப்பமாகக் காட்டிவிடும். ஆனால் கூர்மையைத் துல்லியம் என்று நம்பிவிடாதீர்கள். வட்டார மாதிரி தன் எல்லையில் உலக மாதிரி ஒன்று ஊட்டுவதையே உண்கிறது. அட்லஸில் உள்ள கோர்டெக்ஸ் ஓட்டங்களை ஊட்டியவை பழைய சிமிப் 5 மாதிரிகள். ஐரோப்பாவின் கோடை வெப்பத்தை வட்டார மாதிரிகள் பல, தம்மை இயக்கிய உலக மாதிரிகளைவிடக் குறைத்தே காட்டின. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் பல பத்தாண்டுகளாகக் குறைந்துவருவதை அவற்றில் பல கணக்கில் கொள்ளாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பெரிய படத்தில் இருந்த ஓர் உண்மை சிறிய படத்தில் விடுபட்டுவிட்டது.

35 டிகிரியைத் தாண்டும் நாட்களின் எண்ணிக்கை போன்ற வரம்பு சார்ந்த அளவுகளுக்கு, பிழைதிருத்தப்பட்ட வடிவத்தையும் அட்லஸ் தருகிறது. இது தேவையான வசதி. இரண்டு டிகிரி குளிர்ச்சியாகக் காட்டும் மாதிரியில் 35ஐத் தொடும் நாள் அரிதாகிவிடும். எனினும் இன்றைய பிழையே நாளையும் அதே அளவில் தொடரும் என்ற ஊகத்தின் மேல்தான் இந்தத் திருத்தம் நிற்கிறது. திருத்திய எண்ணையும் திருத்தாத எண்ணையும் அருகருகே வைத்துப் பார்ப்பேன். இரண்டும் வெகுதூரம் விலகி நின்றால், அந்த வட்டாரத்தில் வரம்பு எண்ணிக்கையைப் பேசாமல் வெப்பநிலை உயர்வை மட்டும் பேசுவேன்.

கண்காணிப்புத் தரவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் இதைத் தவறவிடாதீர்கள். “கண்டது” என்ற சொல்லால் நாம் இவற்றை முழு உண்மையாக எடுத்துக்கொள்கிறோம். கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.யு. தொகுப்பில், குறிப்பிட்ட தொலைவுக்குள் வானிலை நிலையம் ஏதும் இல்லாத மாதங்களில் 1961–1990 சராசரியே இட்டு நிரப்பப்படுகிறது. நிலையங்கள் மூடப்பட்ட பகுதிகளில் மழை அளவின் வரைகோடு தட்டையாக ஓடும். அதைப் பார்த்து மழை சீராக இருந்தது என்று எழுதிவிடக் கூடாது. அங்கே அளப்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். இரண்டு மூன்று தொகுப்புகளை மாற்றி மாற்றித் திறந்து, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும் ஆண்டுகளை மட்டும் மாதிரிகளுடன் ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

தரவைப் பதிவிறக்கும் வசதி நிறைவாக இருக்கிறது. படமாகவும், புவியியல் மென்பொருளில் திறக்கக்கூடிய கோப்பாகவும், காலநிலைத் தரவுக்கு வழக்கமான நெட்சிடிஎஃப் கோப்பு வடிவிலும் எடுக்கலாம். கணக்கிட்ட நிரல்களும் பொதுவெளியில் கிடைக்கின்றன. மூல மாதிரிக் கோப்புகளோடு மல்லாடியவர்களுக்கே இதன் அருமை புரியும். அங்கே மழை ஒரு விநாடிக்குச் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்று இருக்கும். நாளுக்கு மில்லிமீட்டராக்க 86,400ஆல் பெருக்க வேண்டும். சில மாதிரிகளில் ஆண்டுக்கு 360 நாட்கள். பிப்ரவரி 30 உண்டு, எந்த மாதத்திலும் 31 கிடையாது. அந்த இடறல்கள் எல்லாம் அட்லஸில் ஏற்கெனவே சீர்செய்யப்பட்டு வருகின்றன. ஒரே குறை, இது அறிக்கையோடு உறைந்துபோன தரவு. புதுப்பிக்கப்பட்ட தரவுகள் வேண்டுமென்றால், இதே மரபில் 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிக்கஸ் காலநிலைச் சேவை வெளியிட்ட அட்லஸை நாட வேண்டும்.

வடிகால் அமைக்கும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன், “எனக்கு ஓர் எண் போதும், அதை மட்டும் கொடுங்கள்” என்று கேட்டார். அவர் கேட்ட வட்டாரத்தில் ஆண்டு மழைக்குக் குறுக்குமறுக்குக் கோடுகள். ஒரே நாளில் பெய்யும் உச்ச மழைக்கோ 2 டிகிரியிலேயே கோடில்லாத தெளிவான உயர்வு. காற்று ஒரு டிகிரி வெப்பமானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்ற இயற்பியல் அடிப்படையும் அந்த உயர்வுக்குத் துணைநின்றது. இரண்டு வரைபடங்களையும், உச்ச மழைக்கான தாழ்ந்த, நடு, உயர்ந்த மதிப்புகள் மூன்றையும் ஒரே தாளில் அனுப்பினேன். அவர் ஆண்டு மழையை ஒதுக்கிவிட்டு, உச்ச மழையின் உயர்ந்த மதிப்பைக் கொண்டு குழாயின் அளவை முடிவுசெய்தார். நீர்த்தேக்கத்துக்கான கணக்கை மட்டும் இரு திசைகளுக்கும் தனித்தனியே போட்டுப் பார்க்க எடுத்துவைத்துக்கொண்டார்.